நீ வாங்கியிருக்கும் புழுக்களைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

நீ ஞாயிற்றுக்கிழமை பாதியில் விட்டுவிட்டு எழும்பிப் போன பிட்டு இன்னும் பிரிட்ஜில்தான் இருக்கிறது. எறியவும் மனம் வரவில்லை, சாப்பிடவும் மனம் வரவில்லை. போனில் கதைத்தால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். தமிழ் வாசிக்க உனக்கு நேரம் பிடிக்கும் என்று தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன காலத்தில் நீ அழுத அழுகைக்கு இன்றைக்காவது ஒரு பலன் கிடைக்கட்டும். ஆறுதலாக வாசி. விளங்காத இடத்தில் மருமகளிடம் கேள், அவள் ஊரில் படித்தவள். நானும் ஆறுதலாகத்தான் எழுதுகிறேன். தோள் இரண்டும் பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. ஒரு பக்கம் எழுதினால் கொஞ்ச நேரம் கையை மேசையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டியிருக்கிறது.

நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு நீ, நான் அப்படிச் சொல்லவில்லை அம்மா என்று மழுப்பக்கூடாது. லண்டனின் மற்றக் கரையில் இருக்கும் சட்டனிலிருந்து ரயில் மாறிக் குட்மேய்ஸுக்கு வந்தாய். வந்ததும் வராததுமாகப் பேத்தியின் படத்தைப் போனில் காட்டினாய். கன்னம் இரண்டும் சிவந்து வெடித்து, முழங்கை மடிப்பில் நீர் வடிந்து, கண்ணைத் திறக்காமல் சொறிந்துகொண்டிருந்தது பிள்ளை. இரண்டு வயதில் நீ இருந்த அதே கோலம். "பாத்தீங்களே அம்மா, என்னைப் போலவே" என்று சொன்னபோது உன் குரல் உடைந்தது. அதற்குப் பிறகுதான் ஜாக்கெட் பொக்கற்றிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்துப் பிட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய்.

"இதென்ன, கண்ணுக்கு விடுற மருந்தே?"

"இல்லையம்மா, புழு. கொக்கிப்புழுவின்ரை குஞ்சுகள். வாற வெள்ளிக்கிழமை பிளாஸ்டரில விட்டுக் கையில ஒட்டப்போறன். தோலுக்குள்ளால தானா உள்ளுக்குப் போயிடும்."

"தண்ணி மாதிரியெல்லோ கிடக்குது."

"கண்ணுக்குத் தெரியாதம்மா."

நான் தட்டைத் தூக்கி அங்கால் வைத்தேன். நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே எனக்குப் பாடம் நடத்தினாய். உடம்பில் ஒரு படை இருக்கிறதாம். அது புழுக்களோடு சண்டை பிடிக்கவென்றே உண்டானதாம். "இப்ப இஞ்ச புழு இல்லையம்மா. வேலையில்லாத படை என்ன செய்யும்? கச்சான் கடலையோடயும் பூந்தூளோடயும் பூனை மயிரோடயும் சண்டை பிடிக்குது. அதுதான் என்ரை அலர்ஜி வருத்தம். புழு உள்ளுக்கு இருந்தால், தான் தப்பவேணும் எண்டதுக்காக அந்தப் படையை அமத்தி வைச்சிருக்கும். அதின்ரை புண்ணியத்தில எங்களுக்கும் தும்மல் இல்லை, கடி சொறி இல்லை. ஊரில உங்கட ஆக்கள் ஆருக்காவது கச்சான் ஒத்துக்கொள்ளாமல் இருந்ததோ, சொல்லுங்கோ பாப்பம்?" என்று கேட்டாய். யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. இல்லை என்றுதான் சொன்னேன்.

அந்த ஒரு இல்லையைப் பிடித்துக்கொண்டு நீ என் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டாய். "அப்ப நீங்கள் என்னைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினதுதான் பிழை" என்றாய். பிறகு, "எனக்கு வேலை செய்தால் பிள்ளைக்கும் ஒரு நாளைக்கு..." என்று தொடங்கினாய். உன்னை முடிக்க விடாமல் நான் கத்தினேன். "உனக்கென்ன விசரே? உன்ரை அப்பாவை ஒரு புழு கொன்றது காணாதே?" என்று கேட்டேன். "அது வேற புழு அம்மா" என்று சொல்லி, போத்தலைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு எழும்பிப் போனாய். கதவை அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாய். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அது வேறு புழுதான். நீ போன பிறகு என் தோளுக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது கேட்டேன். நீ சொன்னதில் பெரும்பகுதி உண்மை என்று அங்கே இருந்த டொக்டர் அம்மாவும் சொன்னாள். அதனால் நான் உன்னோடு வாதாட வரவில்லை என்று நினைத்துவிடாதே. வாதாடத்தான் வருகிறேன். ஆனால் அதற்கு முதல் இந்தத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவின கதைக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். அது நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

நீ பிறந்தது ஜெர்மனியில் ஓர் அகதி விடுதியில் என்று உனக்குத் தெரியும். அந்த விடுதி எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. ஒரு மாடிக்கு ஒரு சமையலறை, ஒரு குளியலறை. எந்தெந்த நாட்டுச் சனமோ இருந்தார்கள். ஒருவரின் பாஷை மற்றவருக்குத் தெரியாது. அடுப்புக்கு வரிசை, குழாய்க்கு வரிசை. நீ பிறந்து மூன்றாம் மாதத்திலேயே உன் தோல் வெடிக்கத் தொடங்கிவிட்டது. யாரோ ஊத்தையைப் பரப்பிவிட்டார்கள் என்று நான் நினைத்தேன். ஊத்தை என்று நினைத்தவள் என்ன செய்வாள்? கழுவுவாள். நிலத்தை மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவினேன், கட்டில் காலைக் கழுவினேன், உன் உடுப்பைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டேன். நீ குழைந்த மண்ணில் ஒருநாள்கூடக் கை வைத்ததில்லை. பள்ளிக்கூட விடுமுறை தொடங்கினால் பேதிக்குக் கொடுத்து வயிற்றுப் பூச்சியைக் கழுவிவிடுவது எங்கள் வீடுகளில் வழக்கம். பூச்சியே இல்லாத ஊரிலும் நான் அதை விடவில்லை. நீ வாங்குப் பலகைக்குக் கீழே ஒளிந்திருப்பாய், அப்பா காலைப் பிடித்து இழுப்பார், பிறகு அவரே பாவம் பார்த்துப் பாதியைத் தன் வாயில் ஊற்றிக்கொள்வார். இப்போது படித்தவர்கள் வந்து, அதிகம் கழுவியதுதான் பிழையோ என்று யோசிக்கிறார்களாம். யோசிக்கட்டும். ஒரு குழந்தை இரத்தம் வரச் சொறியும்போது அதைப் பார்த்துக்கொண்டு கை கட்டி இருக்கிற தாய் எங்கேயாவது இருந்தால் எனக்கும் காட்டு. அந்த அறையும் அந்தப் பிள்ளையும் திரும்பக் கிடைத்தால் நான் திரும்பவும் கழுவுவேன்.

லண்டனுக்கு வந்த புதிதில் நடந்ததை மறந்திருக்க மாட்டாய். ஆர்ச்வேயில் இறங்கி மேட்டில் ஏறி முருகன் கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து சர்க்கரைப் பொங்கல் தந்தார்கள். உனக்குக் கச்சான் மட்டும்தான் ஆகாது என்று நாங்கள் நினைத்திருந்த காலம். பொங்கலில் கஜு, முந்திரிப் பருப்பு, இருந்தது. இரண்டாம் வாய்க்குள் உன் உதடு வீங்கியது, பிறகு கண் மூடிக்கொண்டது, பிறகு நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. நான் முருகா முருகா என்று கத்திக்கொண்டு நின்றேன். அப்பாதான் உன்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு அந்த மேட்டிலிருந்து கீழே ஓடினார். நல்ல வேளை, ஆஸ்பத்திரி கிட்ட இருந்தது. ஊசி போட்டு உனக்கு மூச்சு வந்து நீ அழுத பிறகுதான் தாதி அவருடைய காலைப் பார்த்தாள். சப்பாத்து கோயிலிலேயே கிடந்தது. உறைபனி விழுந்த தெருவில் வெறுங்காலோடு ஓடி வந்திருக்கிறார். "குளிரேல்லையோ?" என்று நான் கேட்டேன். "பழகின கால்தானே" என்றார். அன்றிலிருந்து சாகும்வரை அவர் கச்சான் ஒரு கொட்டை வாயில் வைத்ததில்லை. அவர் வேலை செய்த கடையில், அவர் நின்ற பகுதியில் கச்சான் பைகள் அடுக்கியிருந்தார்கள் என்று வீட்டுக்கு வந்து குளித்து உடுப்பு மாற்றிய பிறகுதான் உன்னைத் தொடுவார்.

அந்தப் பழகின காலால்தான் எல்லாம் வந்தது, தம்பி. ஊரில் அவர் தோட்டக்காரன். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறும்போது ஈரச் செம்மண்ணில் கணுக்கால் புதைய நிற்கவேண்டும். யாரும் செருப்புப் போட்டுக்கொண்டு தண்ணீர் மாறுவதில்லை. கல்யாணம் முடித்த பிறகு நானும் அதே வரம்பில் அதே வெறுங்காலோடு புல்லுப் பிடுங்கினேன். அந்த மண்ணிலிருந்து, நூலைவிட மெல்லிய ஒன்று காலின் தோலைத் துளைத்து உள்ளே போயிருக்கிறது. கொக்கிப்புழு உடம்புக்குள் பெருகாது, வயதாகிச் செத்துப்போகும் என்று நீ சொன்னாய். டொக்டர் அம்மாவும் அதையே சொன்னாள். அப்பாவுக்குள் போனது அப்படியில்லை. அது உள்ளேயே குட்டி போட்டு, குட்டி உள்ளேயே வளர்ந்து, ஆள் சாகும்வரை விட்டுப்போகாத சாதி. அதற்கு அவள் ஒரு நீளப் பெயர் சொன்னாள். என் வாயில் அது நுழையவில்லை, நுழையவும் வேண்டாம்.

அதோடு அவர் முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். ஒரு நோய் நொடி இல்லை, ஒரு தும்மல் இல்லை. வசந்தம் வந்து பூந்தூள் பறக்கும்போது நீ மூக்கும் கண்ணும் ஒழுக வீட்டுக்குள் அடைந்து கிடப்பாய், அவர் புல்வெளியில் நின்று நெஞ்சு நிறைய மூச்சிழுப்பார். ஒன்று மட்டும் இருந்தது. இடுப்புக்குக் கீழே சில வேளை ஒரு சிவப்புக் கோடு எழும்பும். பயங்கரமாகக் கடிக்கும். காலையில் ஓரிடத்தில் இருக்கும், மத்தியானம் பார்த்தால் நாலு விரல் தள்ளி நிற்கும். "சாரம் இறுக்கிக் கட்டினது, வேற ஒண்டுமில்லை" என்பார். நான் தேங்காயெண்ணெய் பூசிவிடுவேன். அது தோலுக்குக் கீழே புழு நடந்த தடம் என்று, அவர் செத்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

இனி நீ வாசிக்க விரும்பாத இடம் வரும். தாண்டிப் போகாதே.

அப்பாவுக்கு இருமலும் இழுப்பும் தொடங்கியபோது நீதான் லீவு போட்டு அவரை மார்பு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாய். நானும் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தேன். இரத்தத்தில் ஒருவகை அணுக்கள் ஏறியிருக்கின்றன, அவை அலர்ஜி இருந்தாலும் ஏறும், வேறு காரணத்தாலும் ஏறும் என்று டொக்டர் சொன்னார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"எந்த நாட்டில இருந்து வந்தனீங்கள் எண்டு கேக்கிறார் அப்பா."

"ஜெர்மனி எண்டு சொல்லு."

"அதுக்கு முதல் எங்க எண்டும் கேக்கிறாரப்பா."

"பாஸ்போட்டில என்ன கிடக்குதோ அதைச் சொல்லு. கூடக் கதையாத."

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். நானும் சிரித்தேன். வங்கியில் கேட்டாலும், கவுன்சிலில் கேட்டாலும், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி ஆசையோடு கேட்டாலும் அவருக்கு ஜெர்மனிதான் ஊர். அகதி விசாரணையில் ஒரு சொல்லைக் கூடுதலாகச் சொல்லிவிட்டு, அந்த ஒரு சொல்லுக்காக அவரை எத்தனை தரம் திருப்பித் திருப்பிக் கூப்பிட்டார்கள் என்று நீ அறியமாட்டாய். மேசைக்கு அங்கால் இருக்கிறவர் கேட்டால், எழுத்தில் உள்ளதைத் தவிர ஒன்றும் சொல்லக்கூடாது என்று அவருக்கு எலும்பில் ஊறிவிட்டது. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான். நீ ஜெர்மனி என்று சொன்னாய். குடும்பத்தில் வேறு யாருக்கும் அலர்ஜி இருக்கிறதா என்று கேட்டதற்கு, எனக்கு இருக்கிறது, சின்ன வயதிலிருந்தே இருக்கிறது என்று உன்னைக் காட்டினாய். அதுவும் உண்மைதான். டொக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். ஸ்டீரொயிட் குளிசை தந்தார்.

முதல் கிழமை ஏழு நாளும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம். இருமல் நின்றது. பசி எடுத்தது. இரண்டாம் தரம் சோறு கேட்டுச் சாப்பிட்டார். பிறகு வயிறு நொந்தது, வாந்தி எடுத்தார், சளியில் இரத்தம் வந்தது, சாரம் கட்டுகிற இடம் முழுவதும் சிவப்புக் கோடுகள். அந்தப் படையும் அந்தப் புழுவும் இவ்வளவு காலமும் ஒரு ஒப்பந்தத்தில் இருந்திருக்கின்றன. விடுதிச் சமையலறையில் நாங்கள் இருந்ததைப் போல, உன் அடுப்பை நான் தொடமாட்டேன், என் அடுப்பை நீ தொடாதே என்று. குளிசை போய் அந்தப் படையைத் தூங்கவைத்ததும் புழு வீடு முழுக்கப் பரவிவிட்டது. சளியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்த ஒரு டொக்டர் கண்டுபிடித்து ஓடி வந்தார். மருந்தும் கொடுத்தார்கள். ஆனால் காலம் கடந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று எல்லோரும் போன பிறகு நீ குசினியில் நின்று, "நான்தானம்மா ஜெர்மனி எண்டு சொன்னது" என்றாய். நான் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றேன். ஏதாவது சொல்லியிருக்கலாம். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினேன். நீ இன்னொருதரம் அதைச் சொல்லவில்லை. அதனால் நீ மறந்துவிட்டாய் என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது எனக்கும் வசதியாக இருந்தது.

இப்போது என் தோள் கதைக்கு வருகிறேன். காலையில் எழும்பினால் தலை வாரக் கை எழும்பாது. போன மாதம் ஆஸ்பத்திரியில், இது வயது போனவர்களுக்கு வருகிற ஒருவகை வாதம், கொஞ்ச ஸ்டீரொயிட் போட்டால் சில நாளிலேயே சுகம் தெரியும் என்றார்கள். அப்பாவுக்குத் தந்ததும் அதே மருந்துதானே. பிறகு டொக்டர் அம்மா அதே கேள்வியைக் கேட்டாள். எங்கே பிறந்தாய், எங்கே வளர்ந்தாய். என் வாயிலும் முதலில் ஜெர்மனிதான் வந்தது, சத்தியமாக. விழுங்கிவிட்டு, யாழ்ப்பாணம் என்றேன். தோட்டத்தில் வெறுங்காலோடு நின்றவள் என்றேன். என் மனிசன் எப்படிச் செத்தார் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். அவள் பேனையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். அப்பா செத்தபோதே என்னையும் சோதிக்கச் சொன்னார்கள்தான். அந்த நேரம் யாருக்கு மனம் இருந்தது? இப்போது சோதித்தார்கள். எனக்குள்ளும் இருக்கிறது, தம்பி. அதே சாதி. அந்தப் புழுவைக் கொல்லுகிற குளிசை தந்திருக்கிறார்கள். அதைப் போட்ட பிறகுதான் தோளுக்கு மருந்து தொடங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு அதைச் சொல்லத்தான் பிட்டு அவித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நீ போத்தலை எடுத்து வைத்தாய்.

நீ போன பிறகு குளிசைப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தேன். போட்டால் போச்சு. ஆனால் கை போகவில்லை. ஒரு பேய்ப் புத்தி வந்தது. அவருடைய சட்டைகளைக் கொடுத்துவிட்டேன். சாரங்களைக் கிழித்துத் துடைக்கிற துணியாக்கிவிட்டேன். சாம்பலைக் கடலில் கரைத்தாயிற்று. இந்த நாட்டுக்கு அவரோடு சேர்ந்து நான் கொண்டு வந்ததில் உயிரோடு மிச்சம் இருப்பது இது ஒன்றுதானே என்று தோன்றியது. அதே மண், அதே வரம்பு, அதே ஈரம். அவருக்குள் இருந்ததுதான் எனக்குள்ளும் இருக்கிறது. அதையும் கொல்லவேண்டுமா என்று யோசித்தேன். சிரிக்காதே. அவரைக் கொன்ற சனியனை வயிற்றில் வைத்துக்கொண்டு அதற்குப் பாவம் பார்த்தேன்.

அப்போதுதான் நீ எனக்கு விளங்கினாய். ஜாக்கெட் பொக்கற்றில் நீ கொண்டு திரிவது பூந்தூளுக்கு மருந்து மட்டும் இல்லை. அப்பா உள்ளே வைத்துச் சுமந்ததை நீயும் சுமக்கப் பார்க்கிறாய். ஜெர்மனி என்று சொன்ன வாய்க்கு நீயே ஒரு தண்டனை தேடி, அதை மருந்து என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறாய். இல்லை என்று சொல்லாதே. நீ கதவைச் சாத்தின விதம் எனக்குத் தெரியும். கோபக்காரன் அப்படிச் சாத்தமாட்டான்.

ஆனபடியால், கேள். ஜெர்மனி என்று சொன்னது அப்பா. நீ அவருடைய வாயாக இருந்தாய், அவ்வளவுதான். கூடுதலாகக் கதைக்காதே என்று தகப்பன் சொன்னால், பிள்ளை டொக்டருக்கு முன்னால் தகப்பனை மறித்துக் கதைப்பானா? நான் உன்னை அப்படி வளர்க்கவில்லை. உனக்குத் தெரியாத ஒன்றுக்கு நீ பொறுப்பில்லை. குசினியில் அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். இந்தக் கடிதத்தை எங்கள் ஆட்கள் வேறு யார் வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை. வாசிக்கட்டும். டொக்டர் எந்த ஊர் என்று கேட்டால் பாஸ்போட்டைச் சொல்லாமல் கால் நின்ற மண்ணைச் சொல்லட்டும்.

இனி உன் புழுவுக்கு வருகிறேன். டொக்டர் அம்மாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், என் மகன் தபாலில் வாங்கியிருக்கிறான் என்று. அவள் சிரிக்கவில்லை. புழு உள்ள ஊர்களில் சிலவகை அலர்ஜி குறைவு என்பது உண்மைதானாம். ஆனால் எல்லாப் புழுவும் ஒன்றில்லையாம், சிலது இழுப்பைக் கூட்டவும் செய்யுமாம். மனிதர்களுக்குப் புழுவைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், எதிர்பார்த்த பலன் இதுவரை தெளிவாகக் கிடைக்கவில்லையாம். புழு எதைச் சுரந்து அந்தப் படையை அமர்த்துகிறது என்று கண்டுபிடித்து, புழு இல்லாமல் அதை மட்டும் மருந்தாக்கத்தான் இப்போது பாடுபடுகிறார்களாம். அது வரட்டும். வந்தால் நானே உன்னையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்பேன். ஆனால் இந்தப் போத்தல் எங்கிருந்து வந்தது? யாரோ ஒருவனுடைய வயிற்றிலிருந்து வந்தது. அவன் யார், அவனுக்குள் வேறு என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? உனக்குப் பெண் பார்க்கும்போது அப்பா அவளுடைய மாமன் மச்சான்வரை விசாரித்துக் களைத்துப்போனார். இந்தச் சம்பந்தத்துக்கு ஒருத்தனையும் விசாரிக்கவில்லை. கொக்கிப்புழுக்களுக்கு நடுவில் அப்பாவைக் கொன்ற சாதி ஒன்று கலந்திருந்தால் கண்ணால் கண்டுபிடிக்க ஏலுமா? நீதான் சொன்னாய், கண்ணுக்குத் தெரியாதம்மா என்று. உனக்கு இழுப்பு கூடும் போதெல்லாம் என்ன தருகிறார்கள்? அதே ஸ்டீரொயிட் குளிசை. இதை நீ யோசிக்கவில்லை என்று நான் நம்பமாட்டேன். யோசித்தும் பொக்கற்றில் வைத்திருக்கிறாய். அதுதான் எனக்கு நடுக்கம்.

பேத்தியின் கன்னம் ஆறும். உனக்கு ஆறியது. எனக்குப் பல இரவுகள் பிடித்தன, உன் கையைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். முழுக்க ஆறாது என்பதும் தெரியும். உனக்கு நான் பொய் சொல்லமாட்டேன். நீ கொடுத்த வருத்தம் என்று நீ நினைக்கிறாய். கொடுத்தது யார் என்று தேடிப் போனால் என்னிடம் வரும், என்னைத் தாண்டி அந்த மண்ணுக்குப் போகும், அதற்கு அங்கால் யாரிடம் போய்க் கேட்பது? மருந்து பூசு, ஊசியைப் பையில் வைத்திரு, கச்சானை வீட்டுக்குள் விடாதே. அப்பா செய்தது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை கையில் ஒட்டப்போகிறேன் என்றாய் அல்லவா, அதே வெள்ளிக்கிழமை காலையில் இங்கே வா. போத்தலைக் கொண்டு வா. கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து வைத்திருப்பேன், அதை இங்கே சிங்குக்குள் வைத்து நீயே ஊற்று. என் குளிசையை வெறும் வயிற்றில் போடவேண்டுமாம், அதனால் பிட்டைப் பிறகு சாப்பிடுவோம், புதிதாக அவிப்பேன். நீ வராவிட்டால் குளிசை பெட்டிக்குள்ளேயே இருக்கும், புழு எனக்குள்ளேயே இருக்கும், தோளும் இப்படியே இருக்கட்டும். அம்மா மிரட்டுகிறா என்று மருமகளிடம் சொல்லுவாய். ஓம், மிரட்டத்தான் செய்கிறேன். உனக்கு ஒரு போத்தல் இருக்கிறது, எனக்கு ஒரு பெட்டி இருக்கிறது.

கை எழும்பாவிட்டால் என்ன, தலையைக் குனிந்து நானே போட்டுக்கொள்ளலாம்தான். சோறும் இப்போது அப்படித்தான் சாப்பிடுகிறேன். ஆனால் இதை அப்படிப் போடமாட்டேன். இவ்வளவு காலம் அவரோடு இருந்ததைக் கொல்ல எனக்குத் தனியாக ஏலாது, ராசா. நீ வந்து என் வாயில் போட்டுவிடு.

அம்மா